பார்க்கிங் என்றொரு கட்டம்

ஆவணி பிறந்தது. மாம்பழக் கூழ் கம்பெனியில்
கடைசி டிரம்முக்கும் சீல் வைத்தாயிற்று.
பதினோரு நாள் லீவு.
நகக்கண்ணில் இன்னும் பெங்களூரா வாசம்.
கடல் பார்க்கலாம் என்றேன்.
"தீவு" என்றார் திம்மராயன்.
"சுத்தியும் தண்ணி இருக்கணும்.
வண்டி வேண்டாம்."

பத்தொன்பது வருஷமாய் வாடகைக் கார் ஓட்டுகிறவர்.
அஞ்சாறு திக்குக்கும் ரோடு பிரிகிற கிருஷ்ணகிரியில்
யாரை எங்கே கொண்டுபோய் இறக்கினாலும்
திரும்பும் வழியைத் தனியாகவே பார்த்தவர்.
ராத்திரி லாரி போனால்
எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நடுங்கும்.
அதிராத சுவர் ஓரம் நாலு நாள் படுக்கணும்,
அதைத்தான் தீவு என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, தீவில் எந்த ஊர்?
மளிகை நோட்டைத் திருப்பிப் போட்டோம்.
பாலம் இறங்கினால் பாம்பன்.
ரயில் உண்டு என்று எழுதி அடிக்கோடிட்டார்.
ரயிலே வராத ஊர்க்காரருக்கு அது பெரிய விஷயம்.
அடுத்து ராமேஸ்வரம்.
ரூம் நிறைய, கூட்டமும் நிறைய,
விடிவதற்குள் ஈரத்துணியோடு ஜனம் நடக்கும்,
மூலைக்கு மூலை ஆட்டோக்காரர் கூப்பிடுவார்.
"அங்க போனா நானும் ரெண்டு சவாரி
ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுவேன்"
என்று அவரே அடித்துவிட்டார்.
அப்புறம் பழக்கதோஷத்தில் ஒரு கட்டம் கிழித்து
தலைப்பு எழுதினார்: பார்க்கிங்.

பேனாவைப் பிடுங்கினேன்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து ரூம் எவ்வளவு தூரம்
என்று கேட்டால் கிலோமீட்டர் சொல்கிறார்.
நடந்தால் எவ்வளவு நேரம்?
டீசல் இல்லாத கணக்கு அவருக்கு வரவில்லை.

எடைமேடையில் சீட்டு எழுதும் ஜெசிந்தா
எலத்தகிரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்,
பிறந்தது தங்கச்சிமடம்.
போன் போட்டேன். சிரித்துவிட்டாள்.
"எங்க ஊர்லயா தங்கப்போறீங்க?
அங்க பார்க்க ஒண்ணுமே இல்லையேக்கா.
ரெண்டு பக்கமும் கடல், அவ்வளவுதான்.
வடக்கால நடந்தா பெண்கடல், குளமாட்டம் கிடக்கும்.
தெக்கால ஆண்கடல், சும்மா இருக்காது.
நடுவுல மல்லிகை நாத்து போட்டிருப்பாங்க.
எங்கயாவது போகணும்னா
மெயின் ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்குக் கைகாட்டணும்."

பார்க்க ஒண்ணுமே இல்லை.
அதை அப்படியே எழுதி வட்டம் போட்டேன்.
எட்டிப் பார்த்த திம்மராயன்
"அப்ப நாள் முழுக்க என்ன பண்றது?" என்றார்.
காலையில் ஒரு கடல், சாயங்காலம் ஒரு கடல் என்றேன்.
மத்தியானத்துக்கு?
தூங்குங்க.

ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு
நடந்து பார்த்தோம், ஒத்திகை மாதிரி.
தெருமுனை தாண்டும் முன்னே
சாவிக்காகச் சட்டைப்பையைத் தட்டினார்,
இரண்டு தரம்.
சையத் பாஷா மலை இவ்வளவு கிட்டத்திலா என்று
நின்று அண்ணாந்து பார்த்தார்.
டீக்கடையில் யாரோ "என்ன, வண்டி ரிப்பேரா?" என்றார்கள்.
"நான்தான் ரிப்பேர்" என்றார்.

சர்வீஸ் ரோடு வந்தது.
பெங்களூர் ரோட்டில் பேசிக்கொண்டே ஓவர்டேக் எடுக்கிற ஆள்
டிப்பர் போகட்டும் என்று நின்றார்,
கிரானைட் ஏற்றிய லாரி போகட்டும் என்று நின்றார்,
ஒன்றும் வராதபோதும் நின்றார்.
"இவ்வளவு வேகமாவா போறோம் நாங்க"
என்றவர் கையில் என் சுண்டுவிரல்.

முப்பத்திரண்டு நிமிஷம்,
டீ குடித்ததையும் சேர்த்து.
நோட்டில் எழுதச் சொன்னார்.

சேலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரை,
அப்புறம் ராமநாதபுரம், அப்புறம் பாலம்.
எல்லாவற்றிலும் ஜன்னல் சீட் அவருக்கு.
டிரைவருக்கு நேர்பின்னால் மட்டும் வேண்டாம்,
ஊர் போய்ச் சேரும்வரை
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.